எல்லாம் திருப்தியா இருந்துச்சா?

ஒரே ஒரு வார்த்தையால் ஒரு மனிதரைப் பரலோகம் அனுப்பப் பார்த்தவன் நான். எண்பதுகளில் ஈப்போவில் ஒரு மருத்துவமனையில் குமாஸ்தாவாகச் சேர்ந்த புதிது. தீவிரச் சிகிச்சைப் பிரிவில் கவனிப்பு எப்படி என்று நோயாளிகளிடம் கேட்டு எழுத, மலாய் மொழியில் அச்சிட்ட ஒரு பாரம் கொடுத்தார்கள். சாதாரண வார்டுக்கு மாறியவர்களிடம் மட்டும் கேட்கும்படி தலைமை மிஸ்ஸி (தாதியை அங்கே அப்படித்தான் அழைப்போம்) தெளிவாகச் சொன்னார். எனக்கோ அவசரம். சுடச்சுடக் கேட்டால்தானே உண்மை வரும் என்றது என் மேதாவி மூளை.

நேராக உள்ளே போனேன். மாரடைப்பு வந்து மூன்று நாளான சிலிம் ரிவர் தோட்டத்து மண்டோர் (கங்காணி) ஒருவர் படுத்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. பாரத்தில் இருந்த 'புவாஸ் ஹாத்தி'யை அழகாகத் தமிழாக்கி, குரலைத் தாழ்த்தி (ஆஸ்பத்திரி அல்லவா), அவர் காதருகே குனிந்தேன்.

"ஐயா, எல்லாம் திருப்தியா இருந்துச்சா?"

என்னையே பார்த்தார். கண் கலங்கியது. "அப்ப அவ்வளவுதானா தம்பி?"

"இல்லைங்கய்யா, இன்னும் நாலு கேள்வி இருக்கு. ஏதும் குறை இருக்கா?"

"ஒண்ணே ஒண்ணுதான். காம்பார்ல எங்க அண்ணன். பலாமரத் தகராறுல பேச்சு விட்டுப் பதினோரு வருசமாச்சு. அவரப் பாக்காமலே போறேன் லா."

நான் பொறுப்பாக எழுதிக்கொண்டேன். மனைவி அலறிவிட்டார். தலைமாட்டு மிஷின் தாறுமாறாகக் கத்தியது. டாக்டர் ஓடி வந்தார். தலைமை மிஸ்ஸி என் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே தள்ளினார். கதவோரம் நின்றேன். வேலை போனால் போகட்டும், அந்த மனுசன் பிழைக்கட்டும் என்று தெரிந்த சாமியை எல்லாம் கும்பிட்டேன். மனைவி போன் போட்டுச் சொல்ல, மத்தியானமே காம்பார் அண்ணன் வந்து சேர்ந்தார், கையில் ஒரு பலாப்பழத்தோடு.

மண்டோர் பிழைத்துவிட்டார். வார்டுக்கு மாறியதும் பயந்து பயந்து போய் நின்றேன்.

"இப்பக் கேளு தம்பி, திருப்திதான். ஆனா இனிமே யாரையும் அப்படிக் கேக்காத லா" என்றார்.

போன வருடம் எனக்கே மாரடைப்பு. கண் விழித்தால் அதே மாதிரிக் கட்டில், அதே மாதிரிச் சத்தம். வாய்விட்டுச் சொல்ல முடியாத பயம். இந்தக் கதையை என்னிடம் நூறு தடவை கேட்டிருந்த என் மகள் குனிந்தாள்.

"அப்பா, எல்லாம் திருப்தியா இருந்துச்சா?"

எனக்குச் சிரிப்பு வந்து மிஷின் கத்தியது. இந்த முறை மிஸ்ஸி வெளியே தள்ளியது அவளை.