டீ குடிக்காத டீ செல்

திருச்சி ஜில்லா முழுக்கத் தேடினாலும், ஒரு சொட்டு டீ குடிக்காமல் ‘டீ செல்’ என்று பெயர் வாங்கிய மனிதர் இன்னொருவர் கிடைக்கமாட்டார்.

எண்பதுகளின் நடுவில், திருவானைக்காவலில் பதினான்கு அறை கொண்ட லாட்ஜில் எனக்கு ஆறாம் எண், அவருக்கு ஏழு. கல்லூரியில் விலங்கியல் ஆசிரியர். ஒருமுறை பஸ்ஸில் தும்மியவரிடம், “எத்தனை நாளா இருக்கு? மூக்கா, தொண்டையா?” என்று இவர் துருவியதில், அந்த ஆள் இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கிவிட்டார்.

அந்த வருஷம் லாட்ஜில் ஃப்ளூ புகுந்தது. ஒன்பது அறைகளில் இருமல். எனக்கோ ஸ்ரீரங்கத்தில் கல்யாணம், இன்னும் பத்தே நாள். மெஸ்ஸில் என் புலம்பலைக் கேட்டு அவர் சொன்னார்:

“பயப்படாதீங்க. ஒடம்புல டி செல் இருக்கு, காப்பாத்தும்.”

இட்லி வைத்துக்கொண்டிருந்த மெஸ்காரர் காதில் அது அரைகுறையாக விழுந்தது. மறுநாள் இருபத்தாறு பேருக்கும் டீ.

“காபி எங்கய்யா?”

“காபில செல் இல்லீங்களாம். சார்தான் சொன்னாரு.”

சார் தலையில் அடித்துக்கொண்டார். “அது இங்கிலீஷ் எழுத்துங்க! நெஞ்செலும்புக்குப் பின்னால தைமஸ்னு ஒரு சுரப்பி. அதுல வளர்றதால டி!”

“சரிங்க சார். உங்களுக்குச் சக்கரை தூக்கலா?”

அன்று முதல் அவர் டீ செல். எதிர்க்கடைக்குப் போய்க் காபி குடித்தார். நான் எதற்கும் இருக்கட்டுமென்று மூன்று நாளில் முப்பத்தோரு டீ குடித்தேன். நான்காம் நாள் நூற்று மூன்று டிகிரி.

“முன்னாடி ஃப்ளூ வந்திருக்கா?” என்றார்.

“ரெண்டு தடவை.”

“பின்ன என்ன? வைரஸ் அடிக்கடி சட்டையை மாத்திக்கும். ஆன்டிபாடி சட்டையைப் பாத்து ஆளைச் சொல்றவன், ஏமாந்துடுவான். ஆனா உள்ள பனியன் பெரும்பாலும் அதேதான். வைரஸ் புகுந்த வீடு, அதாவது செல், அந்தப் பனியன்ல ஒரு துண்டை வெளியில கொடியில மாட்டிடும். போன தடவை சண்டை போட்ட டி செல் அதைப் பாத்ததும் வீட்டையே இடிச்சுடும்.”

“என் வீட்டையா?”

“உங்க வீட்டைத்தான். அது போனாத்தான் தெரு பொழைக்கும்.”

“வாசல்லயே தடுக்கக் கூடாதா?”

“அது அவன் வேலை இல்லீங்க. உள்ள வந்தப்புறம்தான் அடிப்பான். படுப்பீங்க, சீக்கிரம் எழுந்துடலாம்.”

“எத்தனை நாள்ல?”

“அதை அவன்கிட்டதான் கேக்கணும்.”

மூன்று நாள் கல்லூரிக்கு லீவு போட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து கஞ்சி கொடுத்தார். தெர்மாமீட்டர் தொண்ணூற்றெட்டைத் தொட்டதும், தன் பிள்ளை பாஸானதுபோல் துள்ளினார். “பாத்தீங்களா நம்ம ஆளுங்களை!”

கல்யாணத்துக்கு மட்டும் வரவில்லை. மெஸ்காரர் ஒரு சீட்டைக் கொண்டுவந்தார்: ‘எனக்கு நேற்றிலிருந்து நூற்றிரண்டு. கூட்டத்தில் பரப்பக் கூடாது. செல்கள் வேலை செய்கின்றன. வாழ்த்துகள்.’

மணவறையில் உட்கார்ந்து அதை நான்கு முறை படித்தேன். டி செல் வாசலில் தடுக்காது என்று எனக்குச் சொன்னவரே அவர்தான். தெரிந்தே, என் தலையணையிலிருந்து ஒரு முழத் தூரத்தில், மூன்று நாள் உட்கார்ந்திருந்தார்.