லோயரை மாற்றியது பற்றி அத்தானுக்கு ஒரு விளக்கம்

வோபர்ன், ஸ்காபரோ
17 ஜூன் 1997

அன்பும் மரியாதையும் மிக்க பாக்கியராசா அத்தானுக்கு, இரத்தினவேல் எழுதிக்கொள்வது.

நானும் புனிதவதியும் சுகம். ஒஷாவாவில் நீங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ரெலிபோனை அடித்து வைத்த சத்தத்தைக் கேட்டுவிட்டு, உங்கள் தோள்மூட்டு நோ முற்றாக மாறிவிட்டது என்று புனிதம் சந்தோஷப்பட்டாள். திரும்ப எடுத்தால் திரும்பவும் வைப்பீர்கள் என்பதால் தபாலில் எழுதுகிறேன். கடிதத்தைக் கோபத்தில் மேசையில் போட்டாலும், பிறகு எடுத்து, விட்ட இடத்திலிருந்து வாசிக்கலாம்.

உங்கள் சிநேகிதர் லோயர் கஸ்பரை நான் அவமானப்படுத்திவிட்டேன் என்று சொன்னீர்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அஜின்கோர்ட்டில் அந்த வீட்டைப் பார்த்தது மே மாதத்தில். வீடு என்று சொன்னாலும் புனிதம் உள்ளே அதிக நேரம் நிற்கவில்லை. குசினியில் அடுப்பைப் பார்த்தாள், குசினிக் கதவைத் திறந்தாள், பின் வளவுக்குள் இறங்கினாள், பிறகு ஆளைக் காணவில்லை. நாங்கள் இருக்கும் ஏழாம் மாடியில் அவள் ஐஸ்கிறீம் வாளிகளில் மிளகாய் நட்டு, அதற்குக் கட்டிடக்காரர் இரண்டு தரம் கடிதம் போட்டது உங்களுக்குத் தெரியும். அங்கே பார்த்தால் மிளகாய்க் கன்று, கத்தரி, தக்காளி, பயற்றங்காய்க்குப் பந்தல் என்று வேலிவரை பாத்தி பாத்தியாக இருக்கிறது. வேலிக்கு அப்பால் பெரிய மின்கம்பங்கள் வரிசையாகப் போகும் வெறும் புல்வெளி. வீட்டுக்காரர் நவரட்ணம் நல்ல மனுசன். வீட்டை விற்கப் போகிறவர் ஏன் இந்த வருசமும் நட்டார் என்று கேட்டேன். "கை சும்மா இருக்காது தம்பி" என்றார். அன்றைக்கே விலை பேசி, முற்பணம் கட்டி, ஒப்பந்தத்தில் கையெழுத்தும் வைத்துவிட்டோம்.

அடுத்த நாளே, நீங்கள் சொன்னபடி, லோயர் கஸ்பரிடம் போனோம். அத்தான், அந்தக் கந்தோரில் அகதி வழக்கு, கார் விபத்து, விவாகரத்து, வீடு எல்லாம் ஒரே வாங்கில் குந்தியபடிதான் காத்திருக்கின்றன. விவாகரத்துக்கு வந்த ஒரு பெண் எங்களைப் பார்த்து, "உங்களுக்குப் பிள்ளையள் இருக்கோ?" என்று கேட்டாள். நாங்கள் வீடு வாங்குகிற விசயமாக வந்தவர்கள் என்று விளங்கப்படுத்த நேரமெடுத்தது. உள்ளே லோயர் இரண்டு ரெலிபோனில் மாறி மாறிக் கதைத்துக்கொண்டே எங்களுக்கும் பதில் சொன்னார்.

"வீடு வாங்கிறது பெரிய வேலையே அண்ணை? கையெழுத்து வைக்கிறியள், கதவுத் திறப்பை வாங்கிறியள், பாலைக் காய்ச்சிறியள். மிச்சமெல்லாம் என்ரை வேலை."

"விக்கிற ஆளின்ரை லோயர் ஆர்?" என்று கேட்டேன்.

"நான்தான்."

"அப்ப எங்கட லோயர்?"

"அதுவும் நான்தான். இதைவிட வசதி வேறை என்ன இருக்கு? எனக்கும் எனக்கும் சண்டை வராது."

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. பஸ்ஸில் ஏறி இரண்டு தரிப்பிடம் கடந்த பிறகு புனிதம் சொன்னாள். "எங்கட கலியாணத்துக்கும் ரெண்டு பகுதிக்கும் ஒரே தரகர்தான் பேசினவர். பெடியன் சிகரட் பத்தமாட்டான் எண்டு எனக்குச் சொன்னவர். பெட்டை வாய் காட்டமாட்டாள் எண்டு உங்களுக்குச் சொன்னவர். இப்ப நாங்கள் ரெண்டு பேரும் ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?" இதற்குப் பதில் நீங்களாவது சொல்லுங்கள்.

புனிதத்தோடு பேக்கரியில் வேலை செய்யும் அன்ரனெற்தான் வேறொரு லோயரைச் சொன்னாள். பெயர் வேரோனிக்கா. சலவைக் கடைக்கு மேலே ஒரு சின்ன அறை, உள்ளே போனால் சவர்க்கார வாசம். "அவ கனக்கக் கதைக்கமாட்டா, கேள்விதான் கேப்பா" என்று அன்ரனெற் எச்சரித்திருந்தாள். உண்மைதான். கவலைப்படாதேங்கோ என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. முதல் கேள்வியே, "எத்தனை வீடு பாத்திருப்பியள். ஏன் இந்த வீடு?" என்பதுதான். பஸ் கிட்ட, பள்ளிக்கூடம் கிட்ட என்று நான் அடுக்கத் தொடங்கினேன். எங்களுக்குப் பள்ளிக்கூடம் போகப் பிள்ளை இல்லை என்பது பாதியில்தான் ஞாபகம் வந்தது. புனிதம் குறுக்கே, "பின் வளவு" என்றாள்.

"அப்ப அதைத்தான் முதல் பாக்கோணும்" என்றார் வேரோனிக்கா. "பதிவுக் கந்தோரிலை காணியின்ரை எல்லையை நான் பாக்கிறன். நீங்கள் போய், வீட்டின்ரை பின் சுவரிலை இருந்து வேலி வரைக்கும் அளந்துகொண்டு வாங்கோ."

எங்களிடம் இருந்தது புனிதத்தின் தையல் நாடா ஒன்றுதான். அதைக் கொண்டு போய், அவள் ஒரு நுனியைப் பிடிக்க நான் மற்ற நுனியோடு கத்தரிப் பாத்திக்குள் குந்தியிருந்தபோது நவரட்ணம் கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"என்ன தம்பி அளக்கிறியள்?"

"யன்னல் கேட்டினுக்கு" என்றேன்.

அவர் சுற்றிவரப் பார்த்தார், பிறகு வானத்தைப் பார்த்தார். "வெளியிலையோ?"

"உடுப்புக் காயப்போடக் கொடி கட்டவேணும் அண்ணை. கயிறு எவ்வளவு வேணும் எண்டு பாக்கிறம்" என்று புனிதம் சமாளித்தாள். மனுசன் உடனே உள்ளே போய் உலோக நாடா ஒன்றை எடுத்து வந்து, ஒரு நுனியைத் தானே வேலியில் பிடித்துக்கொண்டு, "நல்லா இழுங்கோ, தொய்ய விடாதேங்கோ" என்று எனக்குச் சொல்லித்தந்தார். பிறகு தேத்தண்ணியும் தந்தார். அந்தத் தேத்தண்ணியை நான் குடித்த விதத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நாங்கள் அளந்துகொண்டு போனதையும் தான் பார்த்ததையும் வேரோனிக்கா ஒப்பிட்டார். இரண்டும் பொருந்தவில்லை. அந்த வளவில் பாதிக்கு மேல் வீட்டுக்குச் சொந்தமில்லை அத்தான். மின்கம்பங்கள் போகும் அந்தப் புல்வெளியின் துண்டு அது, மின்சாரக்காரரின் நிலம். எந்தக் காலத்திலோ யாரோ வேலியைப் பிடுங்கித் தள்ளி நட்டிருக்கிறார்கள். மின்சாரக்காரர் எந்த நாளிலும் வந்து, எடு வேலியை என்று சொல்லலாம். பயற்றங்காய்ப் பந்தல் முழுக்க அந்தப் பக்கம்.

வேரோனிக்கா இதைக் குரலை உயர்த்தாமல் சொன்னார். "ஒப்பந்தத்திலை காணியைச் சரிபாக்கக் குடுத்த தவணை இன்னும் முடியேல்லை, முற்பணத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு விலகலாம். இல்லாட்டி விலையைக் குறைக்கச் சொல்லி, உள்ள காணியோடை வாங்கலாம்."

"நீங்கள் என்ன சொல்லுறியள்?" என்றேன்.

"நான் சொல்லிப்போட்டன். முடிவு உங்கட. அந்த வீட்டிலை நான் இருக்கப்போறேல்லை."

புனிதம் கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றி விரலில் கட்டினாள். பிறகு, "வேண்டாம்" என்றாள். வீட்டுக்கு வந்து இரவுச் சாப்பாட்டுக்குப் பேக்கரியில் கொண்டுவந்த பாண் போதும் என்றாள். எங்கள் வீட்டில் இரவில் பாண் என்றால் யாருக்கோ மனம் சரியில்லை என்று அர்த்தம்.

விசயத்தை நவரட்ணத்துக்கு நானே போய்ச் சொன்னேன், கடிதத்தில் அறியவிட மனம் வரவில்லை. அவர் படியில் குந்திவிட்டார். "அப்ப நான் இவ்வளவு காலமும் ஆரின்ரையோ காணிக்கே தம்பி தண்ணி விட்டனான்?" என்று கேட்டார். அவருக்கு அந்த வீட்டை வாங்கிக் கொடுத்த லோயர் யார் என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். அந்தப் பெயரை இங்கே எழுதினால் நீங்கள் கடிதத்தைக் கிழிப்பீர்கள். நவரட்ணம் கோபத்தோடு அங்கே ரெலிபோன் எடுத்திருக்கிறார், அங்கேயிருந்து உங்களுக்கு வந்திருக்கிறது, உங்களிடமிருந்து எனக்கு வந்தது. அவமானப்படுத்தியது என்று நீங்கள் சொல்வது இதுதான்.

ஆகவே அத்தான், அந்த வீடு எங்களுக்கு வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டோம். இனி வீடு வாங்கும் யோசனையே வேண்டாம் என்று புனிதமும் சொல்கிறாள். ஏழாம் மாடியில் காற்று நல்லது. லிஃப்ட் வேலை செய்யும் நாட்களில் வசதியாகவும் இருக்கிறது. லோயர் கஸ்பர் மேல் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. ஆனால் உங்கள் வீட்டு உறுதியையும் அவர்தான் எழுதினார் என்று அக்கா ஒருமுறை சொன்ன ஞாபகம். கோபிக்காமல், வெயில் உள்ள ஒரு நாளில், பின் வேலியை ஒருக்கால் அளந்து பாருங்கள்.

அக்காவுக்கு எங்கள் இருவரின் அன்பு. கந்தசுவாமியார் உங்கள் கோபத்தைக் குறைத்து ஆயுளைக் கூட்டட்டும்.

என்றும் உங்கள் அன்பு மைத்துனன்,
இரத்தினவேல்

பி.கு: கடிதம் உறையில் போட்டபடி, முத்திரை இல்லாமல் இரண்டு நாள் மேசையில் கிடந்தது. நேற்று நவரட்ணம் ரெலிபோன் எடுத்து, இருவரும் ஒருக்கால் வந்துவிட்டுப் போங்கள் என்றார். போனோம். மனுசன் வேலியைக் கழற்றி, சரியான எல்லையில் தானே திரும்ப நட்டிருக்கிறார். அந்தப் பக்கம் நின்ற மிளகாய், கத்தரி, தக்காளிக் கன்றுகளை எல்லாம் வேரோடு கிண்டி இந்தப் பக்கம் கொண்டுவந்து நெருக்கி நட்டு, ஒவ்வொன்றுக்கும் தடி கட்டியிருக்கிறார். ஒன்றுகூட வாடவில்லை. விலையையும் குறைக்கிறாராம். புனிதம் இலைகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கன நேரம் நின்றாள். பிறகு, "உங்கட புது வீட்டிலை பின் வளவு இருக்கோ அண்ணை?" என்று கேட்டாள்.

"இருக்குத் தங்கச்சி. இனி அளந்திட்டுத்தான் நடுவன்."

என்னை ஒரு வார்த்தை கேட்காமல் புனிதம் அவருடைய ரெலிபோனிலேயே வேரோனிக்காவைக் கூப்பிட்டு, வாங்குகிறோம் என்று சொல்லிவிட்டாள். ஓகஸ்டில் பால் காய்ச்சுகிறோம், நீங்களும் அக்காவும் கட்டாயம் வரவேண்டும். இவ்வளவையும் திரும்ப எழுத எனக்குக் கை ஏலாது. மேலே நான் "வேண்டாம்" என்று எழுதிய இடங்களில் எல்லாம் தயவுசெய்து "வேண்டும்" என்று வாசித்துக்கொள்ளவும்.