பாலைவனத்துப் படகில் ஓர் இடம்

ஜெய்சால்மருக்கு மேற்கே லூணாசர் என்றொரு ஊர். குடிக்கவே தண்ணீர் கிடைக்காத அந்த ஊருக்கு வரும் பௌர்ணமியன்று கடல் வரப்போகிறது என்று சமுத்திரபாபா என்ற சாமியார் அறிவித்தார். ஜனம் திரண்டது. ஒட்டகம் கட்ட இடமில்லை. நீச்சல் தெரிந்தவர் ஒருவரும் இல்லாததால் பயத்துக்கும் குறைவில்லை.

ஊர்க் குன்றின் பாறையெல்லாம் சிப்பி. "முன்னாடி கடல் வந்துபோன அடையாளம்" என்றார் பாபா. அது நிஜம். புளுகு மாளிகைக்கு அஸ்திவாரம் மட்டும் எப்போதும் உண்மையில்தான் போடுவார்கள். அப்புறம் மணலில் கம்பால் வட்டம் போட்டார். சீடர்கள் தோண்டினார்கள். பளபளவென்று சோழிகள்.

"பாத்துக்குங்க, கடல்ராஜா அடியில வந்து நிக்கிறார்."

பாபா ஒரு படகும் கட்டிக்கொண்டிருந்தார். நிலத்தை எழுதிக் கொடுத்தால் அதில் ஓர் இடம்.

விவசாயி பேமாராமுக்கு இருந்தது ஒரே ஒரு பள்ள நிலம். மழைநீர் தேங்கி வற்றியதும் கோதுமை விளையும். அதை விட்டால் அடுப்பு எரியாது. ஆனால் மூழ்கிப்போனால் என்ன கோதுமை? பத்திரத்தில் ரேகை வைக்கக் கட்டைவிரலை மையில் தோய்த்துவிட்டார்.

அப்போது பக்கத்தில் மருமகள் மைனாவின் குரல் கேட்டது. ஜோத்பூரில் பாறைகளைப் பற்றிப் படித்தவள். அந்த ஊரில் மருமகள் மாமனாரிடம் நேராகப் பேசக் கூடாது. முக்காட்டுக்குள்ளிருந்து ஒட்டகத்திடம் பேசலாம். ஒட்டகங்கள் இதுவரை ஆட்சேபித்ததில்லை.

"கேளு ஒட்டகமே. தரை கொஞ்சம் கொஞ்சமா அமுங்கிச்சு, கடல் உள்ள வந்துச்சு, சேறும் சிப்பியும் படிஞ்சுச்சு. தரை எழும்பிச்சு, கடல் விலகிப் போச்சு. சில தடவை தரை சும்மா கிடந்தும் கடலே உசந்து வந்துச்சு. குன்றுல இருக்கிற ஒவ்வொரு பாறை அடுக்கும் அப்படி ஒரு வரவு. ஒவ்வொண்ணுக்கும் லட்சக்கணக்கான வருஷம் ஆகியிருக்கு. எதுவும் பௌர்ணமி பாத்து வரல."

"பொம்பளைக்கு என்ன தெரியும்?" என்றார் பாபா.

"அதானே ஒட்டகமே, எனக்கு என்ன தெரியும்? கடல் அடியில இருந்தா எங்கே தோண்டினாலும் சோழி வரணுமே. இதோ, உன் கால்கிட்ட தோண்டச் சொல்லேன்."

தோண்டினார்கள். மணல் வந்தது. இன்னும் தோண்டினார்கள். இன்னும் மணல்.

"சரி, கிடைச்ச சோழிக்கு ஏன் முதுகு இல்ல?"

கூட்டம் சிரித்தது. "சோழிக்கு ஏதும்மா முதுகு?" என்றார் ஒரு கிழவர். அங்கே ஒட்டகத்தின் கழுத்துப்பட்டையில் கம்பளி நூலால் தைக்கிற சோழி, சந்தைக்கு வரும்போதே முதுகு தேய்த்துத் தட்டையாகத்தான் வரும். கடலைப் பார்க்காத ஊர், சோழி பிறப்பதே அப்படித்தான் என்று நினைத்திருந்தது.

மைனா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். கல்லூரியில் கடற்கரைக்கு அழைத்துப் போனபோது பொறுக்கிய சோழி. உருண்டு திரண்ட முதுகோடு இருந்தது. அது கைமாறிக் கைமாறிப் பேமாராமிடம் வந்தது. அவர் பாபாவின் சோழி ஒன்றை எடுத்துப் பார்த்தார். தட்டை. உள்ளே சிவப்புக் கம்பளி நூல் ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

"பாபாஜி, கடல்ராஜா ஒட்டகம் வளக்கிறாரா?"

"அவர் எனக்காகத் தேய்ச்சு அனுப்பினார்."

"நூலும் கோத்தா? போகட்டும். மூழ்கப்போற நிலம் உமக்கு எதுக்கு?"

பாபா சீடர்களைப் பார்த்தார். அவர்கள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தார்கள். தப்பிக்கிற அவசரத்தில் அவரும் தன் படகை நம்பவில்லை, ஜீப்பில் ஏறினார்.

பேமாராம் கட்டைவிரல் மையைத் தலைப்பாகை நுனியில் துடைத்துக்கொண்டு, நிலத்தில் வரப்புப் போடப் போனார்.

லூணாசர்க்காரர்களை ரொம்பக் கேலி செய்யாதீர்கள். பாவம், அவர்களுடைய தலையாவது ஒன்பது முழத் தலைப்பாகைத் துணிக்குள் புதைந்து கிடந்தது. வெறுந்தலையோடு சாமியார் வாசலில் வரிசை கட்டி நிற்கிற நமக்கு என்ன சாக்கு?