பல்லால் கேட்டவர்

தை பதினோராம் திகதி, காலை ஒன்பது ஐந்து, பொடித்தூறல். அப்போதுதான் முரசுமோட்டைச் சந்தியில் செவியரின் கடைக்குள் நுழைந்தேன். வன்னியில் மோட்டர் திருத்துகிறவர்கள் பலர். பல்லால் கேட்டுத் திருத்துகிற ஒரே மனிதர் செவியர்தான்.

சண்டையில் அவருக்கு ஒரு காது போய்விட்டது, மற்றதில் அரைவாசி மிச்சம். ஆகவே ஓடும் மோட்டரில் ஸ்குரூ டிரைவரின் நுனியை வைத்து, பிடியைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடுவார். அப்போது யாரும் மூச்சு விடக்கூடாது. மழை பெய்தால் மழையையே முறைப்பார்.

எனக்கோ மூன்று நாள்தான் இருந்தது. எங்கள் வீட்டு ஹோலில் பேத்தியின் கலியாண எழுத்து. பதிவாளர் முன் கையெழுத்திடும்போது பக்கத்தில் கேக் சுற்ற வேண்டும் என்று ஆசைப்பட்டாள். சுழலும் தட்டை வாடகைக்கு எடுப்பானேன் என்று நானே பலகை அறுத்து, பழைய கார் வைப்பர் மோட்டர் ஒன்றைப் பூட்டினேன். தட்டு சுற்றியது; கூடவே ரீங்காரமும் எழுந்தது.

குசினியிலிருந்து என் மனுசி அகப்பையோடு முற்றத்துக்கு ஓடி வானத்தைப் பார்த்தார்.

"பிள்ளையளை உள்ளுக்கு எடுங்கோ."

எங்கள் பிள்ளைகளுக்கு நாற்பது தாண்டிவிட்டது. சண்டைக் காலத்தில் மேலே சுற்றிய வேவு விமானத்தை வண்டு என்போம். அது சுற்றிப் போனால் பின்னால் செல் வந்து விழுந்து வெடிக்கும். மோட்டரில் அதே சத்தம்.

சுற்றாத கேக் போதும் என்றாள் பேத்தி. மனுசி சம்மதிக்கவில்லை.

"அண்டைக்கு நான் பக்கத்து வீட்டில இருக்கிறன். பிள்ளையின்ர ஆசையைக் கெடுக்காதேங்கோ."

பேத்தியின் எழுத்தில் அவர் இல்லாமலா?

ஆகவேதான் சத்தமே இல்லாத மோட்டர் கேட்டுக் கடைக்கு வந்தேன். செவியர் விசிறி மோட்டரைக் கடித்துப் பார்த்து, இது இருமுது என்றார். தையல் மெசின் மோட்டர் புறுபுறுத்ததாம். கடைசியாக, பழுதான மைக்ரோவேவ் அடுப்பில் தட்டைச் சுற்றும் சின்ன மோட்டரைக் கழற்றினார். கடித்தார். நான் அறுபதுவரை எண்ணிவிட்டேன்.

"மாஸ்டர், இது செத்துப்போச்சு," என்றார் கண்ணைத் திறக்காமலே.

"சுத்துது, பாருங்கோ."

கண்ணைத் திறந்தார். "அப்ப இதுதான்."

வீட்டுக்கு வந்து, மோட்டருக்கும் பலகைக்கும் நடுவே சைக்கிள் ரியூப் துண்டு வைத்து இறுக்கினார். மோட்டர் கத்தாதாம், என் பலகைதான் கத்துமாம். மனுசி தேங்காய் துருவிக்கொண்டிருக்கும்போது செவியர் அவருக்குச் சொல்லாமல் ஆளியைப் போட்டு மோட்டரை ஓடவிட்டார். துருவல் நின்றது. காலடி கேட்டது.

மனுசி வாசலில் வந்து நின்றார்.

"இவருக்குத் தேத்தண்ணி குடுத்தனீங்களே?"

அவர் கண்ணெதிரே தட்டு சுற்றிக்கொண்டிருந்தது.

எழுத்தன்று செவியர் அழையாமலே வந்தார். றப்பர் சூடானால் நம்பேலாது என்று கேக்கின் பக்கத்தில் கதிரை போட்டு, ஸ்குரூ டிரைவரைக் கடித்தபடி இருந்தார். சாட்சிக்காரரா என்று பதிவாளர் கேட்டார். நடுவில் மின்சாரம் போய் வந்தது. கேக் எதிர்ப்பக்கம் சுற்றத் தொடங்கியது. நான் பதறினேன்.

"சத்தம் வேண்டாமெண்டுதானே கேட்டனீங்கள்? பக்கம் அதின்ர இஷ்டம்."

மனுசி முன்வரிசையில் பேத்தியின் கையைப் பிடித்திருந்தார். ஒருமுறைகூட மேலே பார்க்கவில்லை.

செத்த சாமானுக்கு என்ன விலை என்று செவியர் காசு வாங்கவில்லை. ஆனால் எல்லாப் படத்திலும் அவர் இருந்தார். கணினியில் அழித்துத் தரலாம் என்றார் படம் எடுத்தவர். வேண்டாம் என்றேன். வாடகைத் தட்டு ஆயிரத்தைந்நூறோடு முடிந்திருக்கும். மனுசிக்கும் கேக்குக்கும் நடுவே செவியர் கண்ணை மூடிக் கடித்தபடி இருக்கும் படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு ஹோலில் மாட்டியதில் எனக்கு முடிந்தது மூவாயிரத்து இருநூறு ரூபாய்.