பலகையில் நிற்பதற்கான உடை

நீர்விளையாட்டு வரலாற்றில், நீரில் இறங்காமலேயே சிகரத்தைத் தொட்ட ஊர் உலகில் ஒன்றே ஒன்றுதான். அது கல்முனை. அந்தச் சிகரத்தில் ஏறி நின்றவர் துணிக்கடை பளீல் ஹாஜியார்.

யுத்தம் முடிந்ததற்கு அடுத்த வருடம் அது. கொழும்பிலிருந்து வந்த தொண்டு நிறுவனமொன்று நீளமான பலகைகள் சிலவற்றை ஊருக்குக் கொடுத்தது. பலகையைத் தண்ணீரில் போட்டு, அதன்மேல் நின்றபடி துடுப்பு வலித்துப் போகவேண்டும். சுனாமிக்குப் பிறகு தண்ணீர் என்றாலே நடுங்கும் பிள்ளைகள், முக்கியமாகப் பெண்பிள்ளைகள், தோணாவில் இதைப் பழகினால் பயமும் தெளியும், நீச்சலும் வரும் என்பது நோக்கம். தோணா என்பது ஊருக்கும் கடலுக்கும் நடுவே படுத்துக் கிடக்கும் சாதுவான நீரோடை. பலகைகளை ஒப்படைத்த அம்மணி, போகிற போக்கில் மரியாதைக்கு ஒரு வார்த்தை சொன்னார்.

"என்ன உடுக்கிறது எண்டதை மட்டும் உங்கட ஊர் வழக்கப்படி நீங்களே தீர்மானிச்சுக்கொள்ளுங்க."

வினை அந்த வார்த்தையில் இருந்தது.

'நின்றநிலைத் துடுப்புப் பலகை மேம்பாட்டுச் சங்கம்' அன்றே முளைத்து, அன்றே கூடி, 'உடை உபகுழு'வை நியமித்தது. துணி விற்பவருக்கு உடை தெரியாதா என்று பளீல் ஹாஜியாரைத் தலைவராக்கினார்கள். ஹாஜியாரோ சுனாமிக்குப் பிறகு கடற்கரைப் பக்கம் கால் வைத்ததில்லை. உடை முடிவாகும்வரை யாரும் தண்ணீரில் இறங்கத் தேவையில்லை என்ற எண்ணம் அவர் மனதின் ஒரு மூலையில் சுகமாகக் குந்தியிருந்தது. அதை அவர் 'பொறுப்புணர்ச்சி' என்று மனதார நம்பினார்.

முதற் கூட்டத்தில் செயலாளர் கலந்தர் எழுந்தார். ஓய்வுபெற்ற லிகிதர்; எழுந்தால் இலேசில் உட்காரமாட்டார்.

"மருதமுனைக் கைத்தறிச் சாரம் இரிக்கக்குள்ள வேற உடுப்பு என்னத்துக்கு? அது நம்மட மண்ணுட அடையாளம்."

"காத்தடிச்சா அடையாளம் தலைக்கு மேல போயிருமே" என்றார் செல்லத்தம்பி மாஸ்டர். இன ஒற்றுமையின் பொருட்டுப் பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பிலிருந்து சேர்க்கப்பட்டவர் அவர்.

"அப்ப வேட்டியா?"

"சாரம் எண்டா வேட்டியும் வேணும். இல்லாட்டி எங்கட ஆக்கள் என்னைக் கேப்பாங்க."

ஹாஜியார் கண்ணை மூடி யோசித்தார்.

"ரெண்டும் வேணாம். களிசான் போடுவம். களிசானுக்குச் சாதியும் இல்ல, சமயமும் இல்ல. மேல முழுக்கைச் சேட். கழுத்துக்கு டை."

"டை என்னத்துக்கு, ஹாஜியார்?"

"இருந்து போறது தோணி. நிண்டு போறது விளையாட்டு. நிக்கிறவனுக்கு ஒரு கௌரவம் வேணுமா இல்லயா?"

கைதட்டினார்கள். காலுக்குச் சப்பாத்தும் சேர்ந்தது. பலகைகளோடு வந்த மிதப்பு அங்கியைச் சேட்டுக்கு மேலே போட்டால் டை மறைகிறது என்று கண்டறியப்பட்டதால், அதை உள்ளே போடுவதென்று தீர்மானமாயிற்று. 'பெண்பிள்ளைகள் பகுதி, விடயத்தின் பாரதூரம் கருதி, அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.'

வீட்டில் மனைவி றாஹிலா சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"இஞ்சாருங்க, பொம்புளப் புள்ளயளுக்கு எப்பயாம்?"

"லேசான விசயமா புள்ள அது? யோசிச்சித்தான் செய்யணும்."

"நான் யோசிச்சித் தைச்சி வெச்சிரிக்கன்."

கொண்டுவந்து காட்டினாள். நீளக் கை, முழங்காலுக்குக் கீழே இறங்கும் மேற்சட்டை, களிசான், தலையை மூடும் இறுக்கமான முக்காடு. நனைந்தாலும் பாரமாகாத துணி. அவருடைய கடைத் துணியேதான். ஹாஜியார் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஒரு குறையும் கிடைக்கவில்லை. அன்றிரவு அவருக்குச் சரியான தூக்கமில்லை.

அடுத்த கூட்டத்தில் எல்லோரும் அந்த உடுப்பைத் தொட்டுப் பார்த்துப் பாராட்டினார்கள். பிறகு கலந்தர் நிறத்தைக் கிளப்பினார்.

"நீலம் எண்டா தண்ணியோட தண்ணியா புள்ள தெரியாமப் போயிரும்."

"கறுப்பு வெயிலக் குடிக்கும்" என்றார் மாஸ்டர்.

"அப்ப மஞ்சள்?" என்றார் ஹாஜியார்.

"மஞ்சள் ஆக்கள்ற கண்ணில படும்" என்றார் கலந்தர்.

"படத்தானே வேணும்? விழுந்தா எடுக்கிற இல்லயா?"

"படக்கூடாதெண்டுதானே ஹாஜியார் இந்த உபகுழுவே."

ஒத்திவைக்கப்பட்டது.

ஆண்கள் பகுதியின் வெள்ளோட்டத்துக்கு ஊரே தோணாக்கரையில் திரண்டது. தலைவர் என்ற முறையில் முதலில் ஏறவேண்டியவர் ஹாஜியார். களிசான், சேட், டை, சப்பாத்து, உள்ளே மிதப்பு அங்கி என்று பொதி கட்டிய மூட்டையைப் போல வந்தார். இரண்டு பேர் பிடித்து ஏற்றினார்கள். நின்றார். படமெடுத்தார்கள். பிடித்தவர்கள் கையை விட்டார்கள்.

விழுந்தார். சேட்டுக்குள் இருந்த அங்கி மேலே கிளம்பிக் கழுத்தை நெரித்தது. சப்பாத்து கீழே இழுத்தது. கண், மூக்கு, வாய் எல்லாம் தண்ணீர். அந்த நொடியில் அது தோணா அல்ல. கறுத்துத் திரண்டு வீட்டுக்குள் புகுந்த அந்தக் காலையின் கடல்.

றாஹிலா அபாயாவோடு தண்ணீரில் இறங்கி நடந்துபோனாள். டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஒழும்பி நில்லுங்க. இடுப்புத் தண்ணிதான்."

நின்றார். இடுப்புத் தண்ணீர்தான்.

"கைய விட்டிராத, புள்ள" என்றார் அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

கரையில் நின்ற பெண்பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தி கேட்டாள்: "எங்களுக்கு எப்ப, ஹாஜியார்?"

அந்தக் கேள்வியை உபகுழு பதிவு செய்யவில்லை. மாறாக, 'அசம்பாவிதம்' பற்றி முறையான விசாரணை நடத்தியது. தலைவரின் உயிரைக் காத்தது டையே என்பது ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகி, டை கட்டாயமாக்கப்பட்டது. ஆண்கள் பகுதி மீளாய்வில் இருந்ததால் பெண்பிள்ளைகள் பகுதி மறுபடியும் ஒத்திவைக்கப்பட்டது.

மாரி பிறந்தது. தோணா பெருகியது. தொண்டு நிறுவனத்தார் லொறியோடு வந்து, பிள்ளைகள் இறங்கும் வேறோர் ஊருக்குப் பலகைகளை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

கடைசிக் கூட்டத்தில் கலந்தர் நன்றியுரை வாசித்தார். சுனாமிக்குப் பிறகு இந்த ஊரின் உடைக்காக ஹாஜியார் ஆற்றிய சேவை என்றென்றும் நினைவுகூரப்படும் என்றார். பதிலுரைக்கு ஹாஜியார் எழுந்தார்.

"கலந்தர், சேவை எண்டா ஒண்ட விட்டுட்டீங்க. சுனாமியண்டு தோணாவில இருந்து எடுத்த புள்ளயள அடக்க, என்ட கடையிலதான் கபன் துணி கிழிச்ச. நான்தான் கிழிச்சன். நீங்களும் பக்கத்தில நிண்டீங்க. ஆரும் நெறம் கேக்கல்ல. கூட்டம் வெக்கல்ல. தண்ணிக்குப் போன பொம்புளப் புள்ளயளுக்கு இந்த ஊர் உடுப்புக் குடுத்தது அந்த ஒருக்காத்தான்."

உட்கார்ந்துவிட்டார்.

எவரும் திருத்தம் கோரவில்லை, ஒத்திவைக்கவும் கேட்கவில்லை. அந்த உபகுழுவில் விவாதமின்றி, ஏகமனதாக நிறைவேறியது அது ஒன்றுதான்.