ஆமை விழுங்கிய சதுரங்கப் பலகை

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அக்காவைக் கட்டியவன் எழுதுவது. இங்கே யாவரும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். அடுத்தவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் கைவைத்துவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தவர்களுக்கு ஒரு குறையும் வருவதில்லை. இதைக் கையால் எழுதுவதை மரியாதை என்று எண்ணிவிடாதே. நீ ஏற்றிவிட்டுப் போன இயங்குதளத்தைக் கண்ட நாள் முதல் பிரிண்டர் வாய் திறக்க மறுக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். என் அண்ணனும் நானும் பேசிக்கொள்வதில்லை என்பது உனக்குத் தெரியும். எனக்குப் பதவி உயர்வு கிடைத்தபோது கொடுத்த விருந்தில், அண்ணன் என் மேலாளர் தோளில் கைபோட்டுக்கொண்டு, "நான் சொல்லித்தான் சார் இவனுக்கு இந்த வேலையே கிடைச்சுது. தராசை நேராப் பிடிக்கக்கூடத் தெரியாது இவனுக்கு" என்று சிரித்தார். தராசுகளைச் சோதித்து முத்திரை வைக்கும் அலுவலகத்தில், தராசு சோதிப்பவனைப் பற்றிச் சொல்கிற பேச்சா அது? அன்றோடு பேச்சு நின்றது. சதுரங்கம் மட்டும் நிற்கவில்லை. ஒரு பழைய சதுரங்கக் கழகத்தின் இணையதளத்தில் அவர் அங்கிருந்து ஒரு காய் நகர்த்துவார், நான் இங்கிருந்து ஒன்று நகர்த்துவேன். வார்த்தை கிடையாது. பலகை முழுதாகத் திறந்தால் திறந்தவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி ஒன்று எரியும். எரிந்தால் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். எங்களுக்கு அந்தச் செய்தி போதும். ஒரு வாரம் காய் நகர்த்தாதவர் தோற்றதாகக் கணக்கு.

போன வாரம், என் வாழ்நாளில் முதல்முறையாக, அண்ணனின் ராணியை ஒரு மூலையில் மடக்கி வைத்திருந்தேன். அப்போதுதான் நீ விருந்தாளியாக வந்தாய். "என்ன அத்தான், கம்ப்யூட்டர் இப்படி இழுக்குது? ரெண்டே நிமிஷம், எந்திரிங்க" என்றாய். நான் குளித்துவிட்டு வருவதற்குள் திரையில் ஓர் ஆமை உட்கார்ந்திருந்தது. உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய அறிவாளிகள் மட்டும் பயன்படுத்தும் இயங்குதளம் என்றாய். அந்த விரல்களில் ஒன்றாக இருக்க நான் எப்போது ஆசைப்பட்டேன்?

நீ போனதும் கழகத்தின் தளத்தைத் திறந்தேன். பலகை இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம். இதைக் காட்ட ப்ரவுசருக்கு ஒரு ப்ளக்-இன் வேண்டும் என்றது. சரி, கொடு என்று அழுத்தினால், எல்லோரிடமும் உள்ள இரண்டு இயங்குதளங்களின் பெயரைப் போட்டு, உங்களுடையது எது என்று கேட்டது. ஆமை அதில் இல்லை. உன்னைக் கூப்பிட்டேன். "ஈஸி அத்தான், அதை வேற சிஸ்டத்துல இருக்கோம்னு நம்ப வெக்கணும், அவ்வளவுதான்" என்றாய். முப்பது வருடம் எடையில் ஏமாற்றுபவர்களைப் பிடித்த நான், ஒரு துண்டு நிரலை ஏமாற்றுவதற்காக, கறுப்புத் திரையில் நீ சொன்னதையெல்லாம் எழுத்துக் கூட்டித் தட்டினேன். தட்டி முடித்ததும் ப்ரவுசரின் பட்டியலில் ப்ளக்-இன் இருப்பதாகக் காட்டியது. கட்டம் மட்டும் சாம்பலாகவே இருந்தது. மறுபடி உன்னைக் கூப்பிட்டேன். "அப்ப வேற ஃபோல்டர்ல போயிருக்கும் அத்தான்" என்றாய். ஃபோல்டரை மாற்றினேன். ப்ரவுசரே போய்விட்டது. உன் அக்கா கேட்டாள், "அவனுக்கு எதுக்குங்க கொடுத்தீங்க?" கொடுத்தது யார்? நாற்காலியிலிருந்து என்னைக் கிளப்பிவிட்டது அவள் தம்பி, கேள்வி எனக்கு!

ப்ரவுசரை மீட்டு, ஆமைக்காரர்கள் கூடும் இணைய மன்றத்தில் பணிவாக ஒரு கேள்வி போட்டேன். ஒருவர், "எனக்கு வேலை செய்கிறதே" என்று எழுதி மகிழ்ந்தார். இன்னொருவர் ப்ளக்-இன் என்பதே அடிமைத்தனம் என்று மூன்று பத்தி எழுதினார். மூன்றாமவர் சொன்னதைச் செய்ததில் முன்னேற்றம் வந்தது: பலகை தெரியவில்லை, ஆனால் சத்தம் கேட்டது. 'டக்' என்று அண்ணன் காய் வைக்கும் சத்தம்! எந்தக் காய், எங்கே வைத்தார், ஒன்றும் தெரியாது. குருடனைப் போல ஸ்பீக்கரில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இனி என் முறை. கெடு ஓடுகிறது.

அலுவலகத்துக் கம்ப்யூட்டரில் முயன்றேன். விளையாட்டுத் தளம் என்று தடுத்து, என் பெயரோடு மேலாளருக்கு ஓலை அனுப்பிவிட்டது. அவர் வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்று, "அண்ணன் சௌக்கியமா?" என்றார். அந்தக் கேள்விக்கு நான் பூமிக்குள் போயிருக்கலாம்.

உன் அக்கா தோசைக்கரண்டியோடு வந்து நின்று, "ஒரு ஃபோன் போட்டு, என்ன காய் வெச்சீங்கன்னு அண்ணன்கிட்டயே கேட்டா முடிஞ்சுது" என்றாள்.

"அதுக்கு நான் தோத்துட்டே போறேன்."

"தோத்தா, பயந்து ஓடிட்டான்னு சொல்ல மாட்டாரா?"

சொல்வார். அதுதான் என்னைத் தின்கிறது. என் பச்சைப் புள்ளி எரியாததைப் பார்த்து, ஜெயிக்கிற ஆட்டத்தைவிட்டு ஓடியவன் என்று குடும்பம் முழுக்கச் சொல்வார். ஆகவே, கண்டதும் அடுத்த வண்டியைப் பிடித்து வந்து, ஆமையை எடுத்துவிட்டு என் பழைய சனியனையே திரும்ப ஏற்றிக் கொடு. வராவிட்டால், உன் வீட்டு விசேஷம் எதிலும் என் தலையைப் பார்க்க மாட்டாய்.

உன் மனைவிக்கு என் அன்பு. குழந்தைகளுக்கு ஆசிகள். உனக்கும் ஆசி வழங்கத்தான் நினைத்தேன்; அதற்கான ப்ளக்-இன் இன்னும் கிடைக்கவில்லை.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் போன் வந்தது. அண்ணன்! "டேய், உன் மச்சான் இங்கயும் வந்து ஒரு ஆமையை ஏத்திட்டுப் போயிட்டான்டா. எனக்கு போர்டே தெரியல. உனக்கு?" என்றார். "எனக்கும் தெரியலண்ணே" என்றேன். அண்ணே என்ற சொல் எப்படி வந்ததென்று தெரியவில்லை, வந்துவிட்டது. கழகத்தில் சொல்லி ஆட்டத்தை நிறுத்தி வைப்பதாகச் சொன்னார். பிறகு ஒரு மணி நேரம் உன்னைத் திட்டினோம். எங்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லாத முதல் விஷயம் நீதான். போனை வைத்துவிட்டுச் சும்மா தளத்தைத் திறந்தால், ஆமை தானாக எதையோ இறக்கிப் போட்டுக்கொண்டு, பலகை பளிச்சென்று நிற்கிறது. என் பெயர் பக்கத்தில் பச்சைப் புள்ளி. அண்ணன் பெயர் பக்கத்திலும் பச்சைப் புள்ளி! இரண்டும் எதிரெதிரே எரிந்துகொண்டிருக்கும்போதே மறுபடி போன். "இன்னும் தெரியலதானே?" "தெரியலண்ணே." "எனக்கும்தான். நாளைக்குக் கூப்பிடறேன்." ஆகையால் நீ வர வேண்டாம். அண்ணன் வீட்டுக்கும் போகாதே. ஆமையின் மேல் எவனும் கைவைக்கக் கூடாது.