பதினான்கு வருடம் நிற்காத வாட்ச்

எங்கள் வீட்டில் என் பேச்சு செல்லுபடியாகும் இடங்கள் இரண்டுதான். ஒன்று, முன் அறை. இன்னொன்று, என் இடது மணிக்கட்டு.

மணிக்கட்டில் இருப்பது கல்யாணத்தன்று மாமனார் கட்டிவிட்ட வாட்ச். விலை உயர்ந்தது. எவ்வளவு உயர்ந்தது என்று அவர் இதுவரை வாய் திறந்து சொன்னதில்லை. ஆனால் பெண்ணைக் கொடுக்கும்போது கலங்காத அவர் கண், வாட்ச்சைக் கொடுக்கும்போது கலங்கியதை நான் பார்த்தேன்.

பதினான்கு வருடமாக அது ஒரு தடவைகூட நின்றதில்லை. நான் பேட்டரி மாற்றியதும் இல்லை. எங்கள் அலுவலகத்தில் யாராவது "வாட்ச் நின்னு போச்சு, பேட்டரி போடணும்" என்று முனகினால் போதும், என் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்வேன்.

"பேட்டரி ஏன் தீருதுன்னு நினைக்கிறீங்க? கையை வீசி நடக்கறீங்க. உள்ள இருக்கிறதெல்லாம் அலுங்கிப் போகுது. என்னைப் பாருங்க, இடது கையை நான் வீசவே மாட்டேன்."

கையில் என்ன அடி என்று என்னிடம் விசாரித்தவர்கள் உண்டு. நான் பொருட்படுத்துவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்துக்கு மட்டும்தான் வாட்ச்சைக் கழற்றுவேன். இரண்டு மணிக்குக் கழற்றி மேசை மேல் வைத்தால் நாலு மணிக்குத் திரும்பக் கட்டுவேன். என் ஒழுங்கு அப்படி.

மாமனார் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றும் முன்பே கேட்கும் கேள்வி ஒன்றுதான்.

"வாட்ச் எப்படி ஓடுது?"

"ஒரு நொடி தப்பலை மாமா" என்று கையை நீட்டுவேன். என் மனைவி தண்ணீர் தம்ளரோடு எனக்குப் பின்னால் நிற்பாள். அவர் முகத்தில் பெரிய திருப்தி பரவும். அந்தத் திருப்திக்குக் காரணம் நான்தான் என்று பதினான்கு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்படி வந்த ஒரு நாளில்தான் மனைவியின் இஸ்திரிப் பெட்டி புகைந்து போயிற்று. விடுவேனா நான்?

"பொருளை வச்சுக்கத் தெரியணும். உங்கப்பா முன்னாடியே சொல்றேன், கேட்டுக்கோ. இந்த வாட்ச் ஓடற வரைக்கும் இந்த வீட்ல நான் சொல்றதுதான். என்னைக்கு நிக்குதோ, அன்னையிலேருந்து நீ சொல்றது."

மாமனார் இருமினார். சிரிப்பை அடக்கிய இருமல் என்று எனக்கு அப்போது தெரியாது.

மூன்று மாதம் முன்பு அவருக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆயிற்று. தேறியதும் எங்களோடு வந்து தங்குவதாக ஏற்பாடு. மாடி ஏறக் கூடாது. ஆகவே அவருக்கு முன் அறை, எனக்கு மாடி அறை என்றாள் மனைவி.

முன் அறை என்பது சாதாரணம் இல்லை. தெருவைப் பார்த்த ஜன்னல், சத்தம் போடாத ஃபேன், என் உடம்புக்கென்றே குழிந்துபோன சாய்வு நாற்காலி. மாடி அறையிலோ வாஷிங் மெஷின் இருக்கிறது. அது துணியைப் பிழிய ஆரம்பித்தால் கட்டில் தானாகவே நகர்ந்து கதவு வரைக்கும் போகும்.

"மாடிப்படி ஏறினா முழங்காலுக்கு நல்லதுன்னு டாக்டரே சொல்றார்" என்றேன்.

"எந்த டாக்டர்?"

"பொதுவா, டாக்டர்."

"அப்பாவுக்கு ஆபரேஷன் பண்ணின டாக்டர் ஏறவே கூடாதுன்னு சொல்லியிருக்கார்."

"இதோ பாரு, எதுக்கு வீண் பேச்சு? வாட்ச் ஓடுதா? ஓடுது. முன் ரூம் என்னோடது. உங்கப்பாவுக்கு ஹாலில் கட்டில் போட்டுக்கலாம்."

"நின்னா?"

"நின்னா நீ சொல்றபடி. ஆனா நிக்காது."

"சரிங்க" என்றாள்.

எங்கள் வீட்டில் அவ்வளவு சுலபமாக ஒரு ‘சரிங்க’ வந்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

மாமனார் வருவதாக இருந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை காலை குளித்து, சாப்பிட்டு, வாட்ச்சைப் பார்த்தேன். எட்டு பத்து. நிதானமாகத் தலை வாரினேன். எட்டு பத்து. ஷூவைத் துடைத்தேன். எட்டு பத்து. இன்று எல்லா வேலையும் எவ்வளவு வேகமாக முடிகிறது என்று என்னையே மெச்சிக்கொண்டு கிளம்பினேன். அலுவலகத்தில் நுழைந்தபோது சுவர்க் கடிகாரம் பத்தரை காட்டியது. மேனேஜர் அதற்குக் கீழேயே நின்றுகொண்டிருந்தார்.

நின்றுபோன வாட்ச் மேல் சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டேன். மேனேஜருக்குப் பயந்து அல்ல. எனக்கு முன் அறை போய்விடும்.

மாலை வீட்டுக்கு வந்ததும் சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"மணி என்னங்க?"

"ஏழு இருக்கும்."

"இருக்குமா? எப்பவும் ஏழு ரெண்டுன்னு நொடி சுத்தமா சொல்வீங்களே."

சட்டைப் பைக்குள் கையை விட்டு செல்போனைப் பார்த்தேன். "ஏழு ஆறு."

பத்து நிமிடம் கழித்து மறுபடி. "மணி என்னங்க?"

பிறகு மறுபடி. அன்று மாலை மட்டும் ஒன்பது தடவை கேட்டாள். ஒவ்வொரு தடவையும் நான் பைக்குள் கையை விட்டேன்.

"நெஞ்சு வலிக்குதா? கையை அங்கேயே வச்சிருக்கீங்க" என்றாள்.

"மனசாட்சி" என்றேன். வாயில் வந்தது அதுதான்.

சனிக்கிழமை காலை முடிவு கட்டினேன். காதும் காதும் வைத்த மாதிரி பேட்டரியை மாற்றிக்கொண்டு வந்துவிட வேண்டும். ஆனால் எந்தக் கடை? பதினான்கு வருடமாக வாட்ச் கடைப் படியேறாதவனுக்கு எப்படித் தெரியும்? என் நல்ல நேரம், ஸ்கூட்டர் சாவியை எடுக்கப்போன இடத்தில் ஒரு கார்டு கிடந்தது. வாட்ச் ரிப்பேர் கடையின் கார்டு. தெய்வம் என் பக்கம் இருக்கிறது என்று அதைப் பைக்குள் தள்ளினேன்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"முடி வெட்டிக்க."

"போன வாரம்தானே வெட்டினீங்க?"

"பின்பக்கம் சரியில்லை."

கடை ரயில் நிலையத்துப் படிக்கட்டுக்குக் கீழே இருந்தது. ஒரு ஆள் உட்காரும் இடம். ரிப்பேர்காரர் ஒரு கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு இன்னொரு கண்ணால் என்னைப் பார்த்தார். வாட்ச்சைக் கொடுத்தேன். கையில் வாங்கியதுமே அவர் முகம் மலர்ந்தது.

"அட, இதுவா? மூணு மாசம் லேட்டு சார்."

"லேட்டா? இது நிக்கிறதே இப்பதான் முதல் தடவை. பதினாலு வருஷமா பேட்டரியே மாத்தினதில்லை."

அவர் மெல்லிய கத்தி ஒன்றால் பின் மூடியை நெம்பினார். அது டக்கென்று கழன்றது. மூடியைத் திருப்பி, லென்ஸைக் கழற்றி என்னிடமே கொடுத்தார்.

"பாருங்க."

பார்த்தேன். மூடியின் உட்பக்கம், ஊசியால் கீறிய எறும்பு எழுத்தில் தேதிகள். ஒன்றன் கீழ் ஒன்றாக ஆறு.

"என்ன இது?"

"பேட்டரி மாத்தின தேதி. மாத்தும்போதெல்லாம் உள்ளே கீறி வச்சிடுவோம். எங்க தொழில் வழக்கம். ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணு. நிக்கிறதுக்கு முன்னாடியே வந்துடும்."

"யார் கொண்டு வந்தது?"

"மேடம்தான். ஞாயித்துக்கிழமை ரெண்டேகாலுக்கு வருவாங்க. நாலு மணிக்குள்ள வீட்ல இருக்கணும், தூங்கி எழுந்துட்டா தேடுவாருன்னு அவசரப்படுத்துவாங்க. நான் ஏதோ குழந்தையைச் சொல்றாங்கன்னு நினைச்சேன்."

கை வீசாமல் நடந்த பதினான்கு வருடமும் கண் முன்னால் வந்து போயிற்று. அழுகை வரவில்லை, இடது தோள்தான் வலித்தது. ஆனால் துக்கப்பட நேரமில்லை. வாட்ச் ஓடினால் அறை மிஞ்சும். நான் இங்கே வந்தது அவளுக்குத் தெரியாதவரை எதுவும் கெட்டுப்போகவில்லை.

புது பேட்டரி விழுந்தது. முள் துள்ளிக் கிளம்பியது. அவர் ஊசியை எடுத்தார்.

"தேதி வேண்டாம்" என்றேன்.

"கீறாம மூடினா எனக்குத் தூக்கம் வராது சார்." ஏழாவது தேதி ஏறியது. மூடியை அழுத்தி மூடினார். பிறகு ஒரு நோட்டைப் புரட்டி, செல்போனில் எதையோ தட்டினார்.

"என்ன பண்றீங்க?"

"வாட்ச் ரெடின்னு மெசேஜ். எல்லாருக்கும் அனுப்பறது."

"என் நம்பர் உங்ககிட்ட கிடையாதே?"

"மேடம் நம்பர் இருக்கே."

"நிறுத்துங்க!"

"போயிடுச்சு சார்."

ஸ்கூட்டரை எவ்வளவு விரட்டினாலும் மெசேஜை முந்த முடியாது என்று அன்று தெரிந்துகொண்டேன். கதவைத் திறந்த மனைவி என் தலையைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"பின்பக்கம் நல்லா வெட்டியிருக்காங்க. மணி என்னங்க?"

"பன்னிரண்டு இருபத்தி ரெண்டு" என்றேன். வாட்ச்சைப் பார்த்தேதான் சொன்னேன்.

"கரெக்ட். உங்க நாற்காலி மாடியில இருக்கு. வாஷிங் மெஷின் ஓடுது, கட்டிலைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க."

வாதாடலாம் என்று நினைத்தேன். பேட்டரி மாற்றியது நீதானே, அப்படியானால் இந்தப் பந்தயமே செல்லாதே என்று கேட்கலாம். கேட்டால், பதினான்கு வருடமாக வாட்ச்சை ஓட்டியவள் யார் என்ற கேள்வி வரும். கட்டிலைப் பிடிக்கப் படியேறினேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வந்தார். கைத்தடியோடு மெல்ல நடந்து முன் அறைக் கட்டிலில் உட்கார்ந்தார். ஜன்னலைப் பார்த்தார், ஃபேனைப் பார்த்தார், திருப்தியாகத் தலையசைத்தார்.

"வாட்ச் எப்படி ஓடுது?"

பழக்க தோஷத்தில் கையை நீட்டிவிட்டேன். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. என் தோளுக்கு மேலே, பின்னால் தம்ளரோடு நின்ற மகளைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஓடுதுப்பா. நேத்துதான் பேட்டரி மாத்தினது. இந்தத் தடவை அவரையே போகவிட்டேன்."

மாமனாருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. முழங்காலை மறந்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அட! கடையை மாப்பிள்ளையே கண்டுபிடிச்சிட்டாரா?"

இந்த ஒன்றாவது எனக்கு மிஞ்சியதே என்று நானும் கொஞ்சம் நிமிர்ந்தேன்.

"சாவிக்குப் பக்கத்துல கார்டை நான்தான்ப்பா வச்சேன்" என்றாள்.